எந்த முத்தையா?

முத்தையா என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? பழைய புத்தகம் தேடி அலைகிறவரைக் கேட்டால் கோட்டையூர் ரோஜா முத்தையா என்பார். சென்னை வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர் எஸ். முத்தையா என்பார். பாரதிதாசன் நூல்களின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு முல்லை முத்தையா. மதுரைப் பக்கத்துக் கட்சிக்காரருக்குச் சேடபட்டி முத்தையா. தொழில் வட்டாரத்திலும் கிரிக்கெட் வாரியத்திலும் ஏ.சி. முத்தையா. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சென்னையின் முதல் மேயர் என்று குமாரராஜா முத்தையா செட்டியாரை மனப்பாடம் செய்கிறார்கள். கவியரசு கண்ணதாசனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரும் முத்தையாதான்.

பதிப்பு, வணிகம், அரசியல் என மூன்று துறைகளிலும் ஒரே பெயரில் இத்தனை பேர். இவர்களில் பெரும்பாலோர் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேர் கொண்டவர்கள். வாழ்ந்த காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஒருவர் செய்த வேலை இன்னொருவர் கணக்கில் ஏறிவிட இது போதும். இவர்கள் யார், ஒரே பெயர் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது, குழப்பம் இல்லாமல் எப்படிப் பிரித்தறிவது என்று பார்ப்போம்.

புத்தகத்தோடு வாழ்ந்தவர்களிலிருந்து தொடங்கலாம். ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். கோட்டையூரில் தம் வீட்டிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து வைத்தார். புத்தகங்களோடு பத்திரிகைகள், நாடகத் துண்டறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் பத்திரப்படுத்தினார். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்க ஏற்பாடு செய்தது. 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னை தரமணியில் இயங்குகிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதும் எவரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

முல்லை முத்தையா பதிப்பாளர். ‘முல்லை’ என்ற இதழையும் முல்லைப் பதிப்பகத்தையும் நடத்தி, பாரதிதாசன் எழுத்துகளை மக்களிடம் கொண்டு சேர்த்தவர். தாமே பல நூல்களைத் தொகுத்தும் எழுதியும் இருக்கிறார். எஸ். முத்தையாவோ ஆங்கிலத்தில் எழுதியவர். 1930இல் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ பத்திரிகையில் பணியாற்றி, பின்பு சென்னைக்கு வந்து இந்த நகரத்தையே தம் பொருளாக்கிக்கொண்டார். 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். ஆகஸ்ட் மாதத்தில் சென்னை நாள் கொண்டாடுகிறோமே, அதற்கு அடிபோட்டவர்களில் ஒருவர். 2019இல் மறைந்தார். இந்த மூவருமே செட்டிநாட்டு உறவு உடையவர்கள், மூவருமே அச்சுத் துறை. ‘முத்தையாவின் பதிப்புப் பணி’ என்று ஒரு வரி எழுதினால் படிப்பவர் யாரை எடுத்துக்கொள்வார்?

அரசியலில் முதலில் வருகிறவர் எம்.ஏ. முத்தையா செட்டியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். கம்பெனிக் காலத்தில் 1688இலேயே சென்னைக்கு மேயர் இருந்தார். பிறகு அந்தப் பதவி வழக்கொழிந்தது. 1933இல் அது மீண்டும் உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் இவர். ஆகவே ‘முதல் மேயர்’ என்பதை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சேடபட்டி ஆர். முத்தையாவுக்கும் செட்டிநாட்டுக்கும் தொடர்பில்லை. மதுரை மாவட்டத்துச் சேடபட்டி தொகுதியில் வென்று வந்தவர். 1991 முதல் 1996 வரை தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். 1998இல் சிறிது காலம் மத்திய அமைச்சராகவும் இருந்தார்.

கண்ணதாசனை எந்தத் துறையில் வைப்பது? பாட்டு எழுதினார், ‘தென்றல்’ பத்திரிகை நடத்தினார், படம் எடுத்தார், திராவிட இயக்கத்தில் தொடங்கிக் காங்கிரஸ் வரை அரசியல் செய்தார். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தபோது முத்தையா. பிள்ளைகூட்டி, அதாவது தத்தாகப் போன வீட்டில் நாராயணன். பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது தாமே வைத்துக்கொண்ட பெயர் கண்ணதாசன். இன்னொரு முத்தையாவாக இந்தப் பட்டியலில் கரைந்துபோகாமல் அந்தப் புனைபெயர் அவரைக் காப்பாற்றியது.

இசையுலகத்து அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1877இல் பிறந்து மைசூர், திருவனந்தபுரம் அரசவைகளில் பெருமை பெற்றவர்.

பெயர் திரும்பி வருவதற்குக் காரணம் எளியது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் அது கண்டிப்பான முறை. தலைமகனுக்கு அப்பச்சியை (தந்தையை) பெற்ற ஐயாவின் பெயர் என்று ஏறத்தாழ முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளையைக் கூப்பிட வீட்டில் வேறொரு செல்லப் பெயர் இருக்கும். பத்திரத்திலும் பள்ளிக்கூடத்திலும் தாத்தா பெயர்தான். சமூகம் சிறியது. ஒன்பது நகரக் கோயில்களைச் சேர்ந்த குடும்பங்கள் (புள்ளிகள்), சில பத்து ஊர்கள். அதில் முத்தையா, சிதம்பரம், அண்ணாமலை, ராமநாதன், மெய்யப்பன், சொக்கலிங்கம், வள்ளியப்பன் என்று குறிப்பிட்ட சில சாமி பெயர்களே சுற்றிச் சுற்றி வரும்.

ஒரே ஊரில் பத்து முத்தையாக்கள் வட்டித்தொழில் செய்தால் உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) தாளில் யார் கையெழுத்து என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் விலாசம் இருந்தது. ரங்கூனிலும் மோல்மீனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த ஒவ்வொரு நகரத்தார் குடும்பத்துக்கும் ஓர் எழுத்துக்கோவை இருக்கும். கொடுக்கல் வாங்கலில் ஆள் பெயரைவிட அந்த எழுத்துக்கோவைதான் செல்லும். கடல் கடந்த கடையில், அதாவது கிட்டங்கியில், இருந்த ஏஜெண்டும் அந்த விலாசத்தின் பேரில்தான் கடன் கொடுத்தார், வரவு வைத்தார்.

ஒரு விலாசத்தைப் பிரித்துப் படித்துப் பார்க்கலாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10ஆம் தேதி நிறுவியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று இடங்களில் திறந்த வங்கி அது. அவர் இனிஷியலைத் தமிழில் எழுதினால் மு.சித.மு. என்று வரும். பெயரை ஒட்டி நிற்கும் மு. அவருடைய தந்தை முத்தையா. அதற்கு முன் நிற்கும் சித. தாத்தா சிதம்பரம். முதலில் நிற்கும் மு. தாத்தாவைப் பெற்ற இன்னொரு முத்தையா. பெயருக்கு உடையவர் தாத்தா பெயர் கொண்ட சிதம்பரம். ஒரு வீட்டின் நான்கு தலைமுறை அந்த மூன்று எழுத்திலும் ஒரு பெயரிலும் வரிசையாக நிற்கிறது. ‘சி’ என்று ஓர் எழுத்தோடு விடாமல் ‘சித’ என்று போட்டதிலும் காரணம் உண்டு: சின்னையாவும் சிவலிங்கமும் சிதம்பரமும் ஒரே ‘சி’யில் கலந்துவிடக் கூடாது. ராமநாதனுக்கு ராம., சுப்பிரமணியனுக்கு சுப., பழனியப்பனுக்கு பழ. என்று வருவதும் இதனால்தான். தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம் பெயரில் அந்தச் சுப. நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேயராக இருந்த முத்தையா செட்டியார் வீட்டிலும் இதே ஏற்பாடு. தந்தை எஸ்.ஆர்.எம்.எம். அண்ணாமலை செட்டியார்: சாத்தப்பன், ராமநாதன் (ஆர்.எம்.), முத்தையா, அடுத்து அண்ணாமலை. அவருக்கு அடுத்த தலைமுறையில் மகன் முத்தையா எம்.ஏ. என்று சுருக்கிப் போட்டுக்கொண்டார். அதாவது முத்தையாவின் மகன் அண்ணாமலை, அண்ணாமலையின் மகன் முத்தையா. குதிரைப் பந்தயத்தில் பேர் போன எம்.ஏ.எம். ராமசாமி இந்த மேயர் முத்தையாவின் மகன். கடைசி எம். தந்தையைச் சொல்கிறது. எம்.ஏ. முத்தையாவின் தம்பி எம்.ஏ. சிதம்பரம், சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தச் சிதம்பரத்தின் மகன்தான் ஏ.சி. முத்தையா: அண்ணாமலையின் மகன் சிதம்பரம், சிதம்பரத்தின் மகன் முத்தையா. தந்தை 1960களின் தொடக்கத்திலும் மகன் 1999 முதல் 2001 வரையிலும் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர்கள். இனிஷியலைப் படிக்கத் தெரிந்தவருக்கு எம்.ஏ. முத்தையா பெரியப்பா என்பதும் ஏ.சி. முத்தையா தம்பி மகன் என்பதும் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

சிதம்பரம் என்ற பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகலாம். வங்கி தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம், அரங்கத்துக்குப் பெயர் தந்தவர் எம்.ஏ. சிதம்பரம், நிதியமைச்சராக இருந்தவர் ப. சிதம்பரம். ப. சிதம்பரத்தின் தாயார் அண்ணாமலை செட்டியாரின் மகள், ஆகவே எம்.ஏ. சிதம்பரம் இவருக்குத் தாய்மாமன். கப்பல் கம்பெனி நடத்திச் சிறை சென்று, வெளியே வந்து திருக்குறள் உரையும் தொல்காப்பியமும் பதிப்பித்த வ.உ. சிதம்பரம் பிள்ளையோ ஒட்டப்பிடாரத்துக்காரர். அவர் ஒருவரே வணிகம், அரசியல், பதிப்பு மூன்றிலும் கால் வைத்தவர்.

இனிஷியல் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. வங்கி நிறுவிய சிதம்பரம் செட்டியாரின் தந்தை சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார், 1929இல் காலமானவர். சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அவருடைய மகன்களில் ஒருவர் பெயர் எம்.சி.டி. முத்தையா. முறைப்படி தாத்தா பெயர் வைத்தார்கள், நீண்டுகொண்டே போகும் எழுத்துகளில் முன்பகுதியை வெட்டிச் சுருக்கினார்கள். விளைவு, தாத்தாவும் பேரனும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். இந்த இடத்தில் ஆண்டு ஒன்றுதான் கைகொடுக்கும்.

நகரத்தார் அல்லாதவர்களிடம் இந்த எழுத்து அடுக்கு கிடையாது. அங்கே ஊர்தான் அடையாளம். சேடபட்டி, அரிகேசநல்லூர் இரண்டும் பெயருக்கு முன்னால் வந்து நின்று ஆளைப் பிரித்துக் காட்டுகின்றன. ரோஜா, முல்லை போன்றவை தொழிலோடும் இதழோடும் சேர்ந்து நிலைத்தவை. இவற்றை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய பிழை. தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்பு சாதிப் பட்டம் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓரளவு அந்த வேலையைச் செய்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் அது வேரூன்றியும் விட்டது. நல்ல காரியம் அது. ஆனால் அதற்குப் பிறகு ஆளை அடையாளம் காட்டும் சுமை முழுவதும் இனிஷியல் மீதும் ஊர்ப்பெயர் மீதும் இறங்கியிருக்கிறது. அதையும் உதறினால் முத்தையா வெறும் முத்தையாதான்.

இலங்கைத் தமிழர் வழக்கம் வேறு. அங்கே தந்தை பெயரைச் சுருக்காமல் முழுதாக முன்னால் எழுதுவார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனின் பெயரில் முத்தையா என்பது அவருடைய தந்தையின் பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கும் படிவங்கள் இதைத் தலைகீழாக்கிவிடும். சென்னைக்காரர் எஸ். முத்தையா ஆங்கில நூற்பட்டியலில் ‘முத்தையா, எஸ்.’ என்று வருவார். அது சரிதான், ஆனால் முத்தையா குடும்பப் பெயர் என்று வெளிநாட்டார் எடுத்துக்கொள்வார்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் நிரப்பிய தமிழர் பலர், வெளிநாட்டு அலுவலகங்களில் தங்கள் அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒவ்வொரு துறையும் ஒரு வழி கண்டிருக்கிறது.

நூலகங்கள் ஓர் ஆசிரியருக்கு ஒரே வடிவத்தை நிர்ணயித்து, அதன் பக்கத்தில் பிறந்த ஆண்டையோ தொழிலையோ சேர்க்கும். அதே பெயரின் பிற வடிவங்களை அதனோடு இணைத்து வைக்கும். இப்போது ஆசிரியர், பதிப்பாளர், கலைஞர் எல்லாருக்கும் 16 இலக்கத்தில் பன்னாட்டு அடையாள எண் கொடுக்கும் முறையும் இருக்கிறது. தமிழ் நூல்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. ஒரே ஆள் ஒரு நூலில் ‘மு.’ என்றும் இன்னொன்றில் ‘எம்.’ என்றும் அச்சாகியிருப்பார். பட்டியல் எழுதுகிறவர் கவனிக்காவிட்டால் ஒருவர் இருவராகிவிடுவார். 2021இல் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. இனி வருபவர்களுக்கு அது ஒழுங்கைத் தரும். பழைய நூல்களுக்கு இரண்டு வடிவத்தையும் இணைப்பதைத் தவிர வழியில்லை.

நிறுவனங்களில் இயக்குநராக இருப்பவர் ஒவ்வொருவருக்கும் 8 இலக்க எண் உண்டு. ஒருவருக்கு ஓர் எண்தான், எத்தனை கம்பெனியில் இருந்தாலும் அதே எண். நிறுவனப் பதிவேட்டில் ஒரு முத்தையாவைத் தேடுகிறவர் பெயரை நம்பாமல் அந்த எண்ணை வைத்துத் தேடினால் பிழை வராது. கடன் கொடுப்பவரும் பங்கு வாங்குபவரும் செய்தி எழுதும் நிருபரும் பழக வேண்டிய காரியம் இது. பெயரை மட்டும் பார்த்து ஒருவர் மேல் வழக்கையோ கடனையோ ஏற்றி எழுதிவிட்டால் அதைத் துடைப்பது கடினம்.

தேர்தலில்தான் விஷயம் கூர்மையாகிறது. மற்ற இடங்களில் ஒரே பெயர் தற்செயல். தேர்தலில் ஒரே பெயர்க்காரரைத் தேடிப்பிடித்து நிறுத்துவதாகப் புகார் எழாத பொதுத்தேர்தல் அபூர்வம். 2004இல் கேரளத்தின் ஆலப்புழாவில் காங்கிரஸ் வேட்பாளர் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். முன்னெழுத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறிய இன்னொரு சுதீரன் அங்கே எட்டாயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தார். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே ‘ஓ.’வும் அதே பன்னீர்செல்வமும் கொண்ட வேறு சிலரும் சுயேச்சைகளாக நின்றார்கள். சுயேச்சைகள் பெயர் அகரவரிசையில் வரும் என்பதால் எல்லாரும் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தது. அவர் இரண்டாம் இடம் பெற்றார்.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள், ஒரே பெயரில் இருவர் இருந்தால் தொழிலையோ வசிப்பிடத்தையோ வேறு ஏதேனும் குறிப்பையோ சேர்த்துப் பிரித்துக்காட்ட வேண்டும் என்கின்றன. சேடபட்டி என்ற ஊர்ப்பெயர் செய்கிற அதே வேலையைத்தான் சட்டமும் கேட்கிறது. 2015 மே முதல் வாக்குச்சீட்டிலும் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் வேட்பாளரின் படம் இடம்பெறுகிறது. பெயர் ஒத்தவர்களைத் தடுக்கக் கோரிய மனுவை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரின் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அதன் நிலை. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன். பெயர் குற்றமல்ல. வாக்காளருக்குத் தெளிவாகக் காட்டாமல் விடுவதுதான் குற்றம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியவருக்கு அந்தச் சிறிய படம் போதுமா என்பதைத் தேர்தல் ஆணையம் இன்னும் யோசிக்க வேண்டும்.

நீங்கள் குடும்ப வரலாறோ ஊர் மலரோ கட்டுரையோ எழுதுகிறவர் என்றால், பெயரை முதன்முறை சொல்லும்போதே இனிஷியலை முழுதாகப் போடுங்கள். அவர் தமிழில் போட்டிருந்தால் தமிழில், ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அந்த ஒலியில். ஊர், தொழில், பிறந்த ஆண்டு அல்லது மறைந்த ஆண்டு ஆகியவற்றில் தெரிந்த ஒன்றையாவது சேருங்கள். பிள்ளைகூட்டிப் போனவர் என்றால் பிறந்த வீட்டு இனிஷியலையும் போன வீட்டு இனிஷியலையும் சேர்த்துக் குறியுங்கள். இல்லையேல் அடுத்த தலைமுறை அவரை இரண்டு ஆளாக எண்ணும்.

தேடுகிறவர் என்றால், ஆங்கிலத்தில் முத்தையாவை ஒரு ‘டி’ போட்டும் இரண்டு ‘டி’ போட்டும், ‘எச்’ சேர்த்தும் விட்டும், நடுவில் ஓர் ‘ஏ’ நுழைத்தும் பாருங்கள். எல்லாம் ஒரே தமிழ்ப் பெயரின் உருவங்கள். எம்.சி.டி. முத்தையா என்ற பெயரோடு பழைய காகிதம் ஒன்று கையில் கிடைத்தால் தேதியைப் பாருங்கள். 1929க்குப் பிந்தையது என்றால் அதில் இருப்பது தாத்தாவின் கையெழுத்து அல்ல.